எதிர்த்தரப்பு

சால்வையைக் கல்லூரி முதல்வர்தான் போர்த்துவதாக இருந்தது. மலர்விழி அதைக் கேட்டு வாங்கித் தானே குமரகுருவின் தோளில் போட்டாள். மிகவும் இளைத்திருந்தார். ஓய்வுபெற்ற பேராசிரியர். ஈர்ப்பு விசை பற்றி அவர் பேசும் காணொளிகளைப் பார்த்தவர்கள்தான் ஓமலூர்ப் பக்கத்து அந்தப் பொறியியல் கல்லூரி அரங்கை நிறைத்திருந்தார்கள். அவரை அழைக்கலாம் என்று சொன்னவள் இயற்பியல் துறையில் இருந்த மலர்விழி. வெறும் சொற்பொழிவு வேண்டாம், விவாதமாக வைக்கலாம், எதிர்த்தரப்பில் நானே பேசுகிறேன் என்றும் அவள்தான் சொன்னாள்.

பதினைந்து வருடங்களுக்கு முன் அவளுடைய முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அவர். விண்மீன் மண்டலங்களின் ஓரத்தில் நட்சத்திரங்கள் கணக்குக்கு மீறிய வேகத்தில் சுற்றுகின்றன. கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் அவற்றை இழுத்துப் பிடித்திருக்கிறது என்பது பெரும்பாலோர் கட்சி. அப்படியொரு பொருளே வேண்டாம், அத்தனை தொலைவில் ஈர்ப்பு விதியே மாறுகிறது என்ற சின்னக் கட்சியில் நின்று மலர்விழி ஆய்வு செய்திருந்தாள். குமரகுரு ஒரே ஒரு கேள்வி கேட்டார். இரண்டு பெரிய விண்மீன் மண்டலத் திரள்கள் மோதிய இடத்தில், தெரிகிற பொருளில் பெரும்பங்கான வாயு நடுவிலேயே தேங்கி நிற்கிறது. ஈர்ப்போ அதை விட்டு இரண்டு பக்கமும் விலகிப் போயிருக்கிறது. அது எப்படி? அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"வெண்ணந்தூருங்களா நீங்க? சேலைக்கு டிசைன் மாத்தறாப்பல ஈர்ப்பு விசையவும் மாத்திப்போடலாம்னு நெனச்சுட்டீங்களாட்ட இருக்குது."

அரங்கம் சிரித்தது. கடைசி வரிசையில் பலகாரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவள் அப்பா கந்தப்பனும் சிரித்தார். வெண்ணந்தூரில் சேலைத் தறி ஓட்டுகிறவர். மகளைப் பற்றி நல்லதாக ஏதோ சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். ஆய்வேடு திருத்தத்துக்குத் திரும்பி வந்தது. கரும்பொருளை ஒத்துக்கொண்டு மாற்றி எழுதி அவள் பட்டம் வாங்கியபோது அப்பா உயிரோடு இல்லை.

அதைக்கூட அவள் விழுங்கியிருப்பாள். ஆனால் போன வருடம் ஒரு காணொளியில் குமரகுரு, கரும்பொருளைத் தேடிக் களைத்துவிட்டார்கள், ஈர்ப்பு விதியைத்தான் திருத்த வேண்டும் என்று சாவகாசமாகச் சொன்னார். தேநீரை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு அடுத்ததற்குப் போனார். அன்றிலிருந்து மலர்விழிக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

மேடையில் அவர் நன்றாகவே பேசினார். பிரபஞ்சம் விரியும் வேகத்தை இரண்டு வழிகளில் அளந்தால் இரண்டு விடை வருகிறது, அப்படியானால் ஈர்ப்பு விதியின் அடிப்படையிலேயே எங்கோ பிழை இருக்கலாம் அல்லவா என்றார். கேட்டுக்கொண்டிருந்த மலர்விழிக்கு ஒரு வரியில்கூட மறுப்பு இல்லை. அவள் இன்றும் நம்புவது அதைத்தான். எழுந்து போய் அத்தனையையும் உடைத்தாள். அந்தக் கொள்கை எங்கெங்கே ஒழுகும் என்று அதற்குள்ளேயே குடியிருந்தவளுக்குத் தெரியாதா? கடைசியாக, மோதிய திரள்களைப் பற்றிய அந்தக் கேள்வியை அவருடைய சொற்களிலேயே கேட்டாள். குமரகுரு மைக்கை எடுத்தார், வைத்தார், தண்ணீர் குடித்தார். பின்னாலிருந்து யாரோ விசிலடிக்க அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும்வரை அவள் நின்று கேட்டாள்.

வராந்தாவில் அவர் அவளுக்காகக் காத்திருந்தார். அந்த வாய்மொழித் தேர்வு அவருக்கு ஞாபகம் இருந்தது, அவள் அப்பாவும்கூட. அன்றைக்குப் பேசியது தப்புத்தான் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு கேட்டார்.

"அந்தக் கேள்விக்கு அன்னிக்கு உங்ககிட்ட பதில் இருந்துச்சுங்களா அம்மிணி?"

"பாதி இருந்துச்சுங்க சார். மீதிய இத்தன வருசத்துல போட்டு முடிச்சுட்டனுங்க."

அவர் முகம் மலர்ந்ததை அவள் எதிர்பார்க்கவில்லை. அதே இடத்தில்தான் தானும் முட்டிக்கொண்டு நிற்பதாகவும், பதிலைச் சொன்னால் அவள் பெயரிலேயே எல்லா இடத்திலும் சொல்வதாகவும் சொன்னார்.

"சொல்ல மாட்டனுங்க சார்."

"அப்பறம் அது யாருக்குமே தெரியாமப் போயிருமுங்களே."

"போகட்டுங்க."

அவர் சாப்பிடாமல் கிளம்பினார். மலர்விழி சாப்பாட்டுக்கூடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வெளியே வெயிலில் கார் நின்றது. குமரகுரு ஏறவில்லை. புழுதி படிந்த பின்கண்ணாடியில் விரலால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அத்தனை தூரத்திலிருந்து எழுத்து தெரியவில்லை. விரல் தயங்கிய இடத்தை வைத்தே அந்தக் கணக்கில் எந்த வரி என்று அவளுக்குத் தெரிந்தது. உள்ளங்கையால் அழித்துவிட்டு, அழியாத புழுதி இருந்த ஓரத்தில் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். அவள் ரசம் ஊற்றிச் சோற்றைப் பிசைந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.