இருபத்தோராவது விடைத்தாள்

நாளைக் காலை பத்து மணிக்குத் தேசியத் திறன் தேர்வு. இன்று மாலை நாலரை மணிக்கு ஐந்தாம் வகுப்பு டீச்சர் ஒரு சலவைக்கடையின் பின்வாசலில் நின்றார். கைப்பையில் ஒரு கடிதம். எழுதியவர் அவரேதான். ஒரு தாயின் கையெழுத்து மட்டும் பாக்கி.

'என் மகளுக்குக் கடும் காய்ச்சல். தேர்வுக்கு அனுப்ப இயலவில்லை.'

மகளுக்குக் காய்ச்சல் இல்லை. சற்று முன்புவரை வகுப்பில் உட்கார்ந்து, நாளைக்கென்று மூன்று பென்சில்களைச் சீவிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு 'நிதானம்' என்று பெயர் வைத்தது கூடப் படிக்கும் வாண்டுகள். மதியம் எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வரும்போதுதான் இவள் டப்பாவின் மூடியைத் திறப்பாள். படிக்கும்போது வரிக்குக் கீழே அடிஸ்கேலை வைத்துக்கொள்வாள். ஒரே வரியை இரண்டு முறை படிப்பாள். பிறகுதான் ஸ்கேல் நகரும். நாலு மாதமாகப் பள்ளி விட்டபின் ஒரு மணி நேரம் டீச்சர் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். சொன்னது மனதில் நின்றது. வேகம் மட்டும் வரவில்லை.

வேகம்தான் பெரிய சாருக்கு வேண்டியிருந்தது. தலைமையாசிரியரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். உண்மைத் தேர்வு அறுபது நிமிடம். அவர் நடத்திய மாதிரித் தேர்வுகள் எல்லாமே நாற்பது நிமிடம். மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பழகினால் பந்தயத்தில் கையை வீசிக்கொண்டு ஓடலாம் என்பது அவர் சித்தாந்தம்.

பெரிய சாரின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. தொடர்ந்து மூன்று வருடம் சராசரி அறுபதுக்குக் கீழே போனால் பள்ளிக்குப் பூட்டு. இரண்டு வருடம் ஏற்கெனவே போய்விட்டது. பூட்டினால் பிள்ளைகள் நெடுஞ்சாலையைத் தாண்டி அடுத்த பள்ளிக்கு நடக்க வேண்டும். லாரிகள் வேகம் குறைக்காத சாலை அது.

போன வாரம் இருவரும் கால்குலேட்டரும் கையுமாக உட்கார்ந்தார்கள். கடைசி மாதிரித் தேர்வில் இருபது பிள்ளைகளின் சராசரி அறுபத்தொன்று. நிதானத்தின் முப்பதைச் சேர்த்துத் தட்டியதும் ஐம்பத்தொன்பதரை.

"அரை மார்க்குல பூட்டப் போறாங்க டீச்சர்," என்றார் பெரிய சார். "காய்ச்சல் லெட்டர் இருந்தா அந்தப் பிள்ளை கணக்குலயே வராது."

டீச்சர் இரண்டு நாள் மல்லுக்கு நின்றார். மூன்றாம் நாள் பெரிய சார் வாதாடவில்லை. ஜன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மைதானத்தில் ஒன்றாம் வகுப்புச் சிறிசுகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் விட்டுக்கொண்டிருந்தன. இதுகளை அந்த ரோட்டைத் தாண்ட விடலாமா என்று மட்டும் கேட்டார். அன்றைக்குத்தான் டீச்சர் அந்தக் கடிதத்தை எழுதினார்.

சலவைக்கடையில் நீராவி கண்ணை மறைத்தது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நிதானத்தின் அம்மா ஓடி வந்தாள். மகள் ஏதோ தப்புச் செய்துவிட்டாள் என்று பயந்து, விஷயத்தைக் கேட்பதற்கு முன்பே மன்னிப்புக் கேட்டாள். டீச்சர் எல்லாவற்றையும் சொன்னார். சராசரி, பூட்டு, சாலை. அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கடிதத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"அவ ரொம்ப ஆசையா இருக்கா டீச்சர்."

டீச்சர் பேனாவை எடுத்து நீட்டினார்.

"நாலு மாசமா கூட உட்கார்ந்து சொல்லிக் குடுத்தது நீங்க. உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போகுது?"

இஸ்திரி மேசை மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டாள். மகளிடம் என்ன சொல்வது என்று கேட்டாள். காய்ச்சல் என்றே சொல்லிவிடச் சொன்னார் டீச்சர்.

மறுநாள் காலை ஒன்பதரை. வெளியூரிலிருந்து வந்த மேற்பார்வையாளர் அம்மாள் கடிதத்தை வாங்கி, வருகைத் தாளோடு சேர்த்துக் குத்தினார். நிதானத்தின் எண்ணுக்கு எதிரே 'நோய்' என்று எழுதினார். முடிந்தது வேலை.

ஒன்பது நாற்பத்தைந்து. வாட்ச்மேன் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"டீச்சர், உங்க நிதானம் கேட்டுல நிக்குது. லிஸ்ட்டுல காய்ச்சல்னு இருக்கே, உள்ள விடலாமா?"

டீச்சர் படிகளில் இறங்கி ஓடினார்.

கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள். தேய்த்து மடிப்புக் கலையாத சீருடை. கையில் அந்த மூன்று பென்சில்கள். அம்மா வேலைக்குப் போனதும் தனியாகவே நடந்து வந்திருக்கிறாள்.

"அம்மா காய்ச்சல்னு சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் தெரியல டீச்சர். நீங்க தொட்டுப் பாருங்க."

இன்னும் பத்து நிமிடம் இருந்தது. கதவைத் திறந்துவிட்டால் போதும். மேற்பார்வையாளரிடம் காய்ச்சல் விட்டுவிட்டது என்று சொன்னால், முகத்தைச் சுளித்துக்கொண்டாவது அனுமதித்திருப்பார். டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். மாடி ஜன்னலில் பெரிய சார் நின்றார். கீழே ஒன்றாம் வகுப்பு அறையிலிருந்து சிறிசுகளின் சத்தம் வந்துகொண்டிருந்தது.

கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு அவள் நெற்றியைத் தொட்டார். குளிர்ந்திருந்தது.

"சுடுதும்மா. வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கோ."

நிதானம் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் கழுத்தை. தனக்குத் தெரியாத சூடு டீச்சருக்குத் தெரிகிறதே என்ற குழப்பம் முகத்தில் ஓடியது. ஆனால் சொன்னது டீச்சர் ஆயிற்றே. பென்சில்களைக் கம்பி வழியாக நீட்டினாள்.

"யாருக்காவது முனை உடைஞ்சா குடுங்க டீச்சர்."

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. சராசரி அறுபத்தெட்டு.

பெரிய சார் மேசையில் ஓங்கித் தட்டினார். எல்லாருக்கும் டீ சொன்னார். டீச்சர் மட்டும் கால்குலேட்டரைத் தேடி எடுத்தார். நாற்பது நிமிடத்தில் பழகிய பிள்ளைகளுக்கு உண்மைத் தேர்வில் இருபது நிமிடம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. ஒவ்வொருவரும் ஏறியிருந்தார்கள். அதற்காகத்தானே அப்படிப் பழக்கினார்கள்? மிரண்டுபோய்க் கணக்குப் போட்ட அன்று மட்டும், போட்டது நாற்பது நிமிட மார்க் என்பதை இருவருமே மறந்துவிட்டார்கள். இருபத்தோராவது ஆளாக ஒரு பூஜ்யத்தைச் சேர்த்துத் தட்டினார் டீச்சர்.

அறுபத்து நான்கு புள்ளி ஏழு ஆறு.

நிதானம் வெறும் தாளை மடித்துக் கொடுத்திருந்தாலும் பள்ளிக்கூடம் பிழைத்திருக்கும். பெரிய சார் எட்டிப் பார்த்தார். கால்குலேட்டரை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். டீ ஆறுகிறது என்றார்.

அன்று மாலை பள்ளி விட்டதும் நிதானம் வழக்கமான இடத்தில் வந்து உட்கார்ந்தாள். முடிவு வந்துவிட்டதால் வினாத்தாளை இனிக் காட்டலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தானும் ஒரு தடவை எழுதிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல டீச்சருக்கு வாய் வரவில்லை. பிரிக்காமல் மிச்சமிருந்த ஒரே வினாத்தாள் உறை அவளுடையதுதான். பிரித்துக் கொடுத்தார்.

சரியாக அறுபது நிமிடம். ஐம்பது கேள்விகளில் இருபத்து மூன்றைத் தொட்டிருந்தாள். இருபத்து மூன்றும் சரி. மற்றவை வெள்ளையாகவே இருந்தன. ஊகித்துக்கூட ஒன்றையும் நிரப்பியிருக்கவில்லை.

"நாற்பத்தாறு," என்றார் டீச்சர்.

அவள் முகம் மலர்ந்தது. முப்பதுக்கு மேல் அவள் வாங்கியதே இல்லை.

"காய்ச்சல் வராம இருந்திருந்தா நானும் எழுதியிருப்பேன்ல டீச்சர்? முந்தின நாள் நான்தான் குழாய்ல தலையை நனைச்சுட்டேன். என் தப்புதான்."

ஆமாம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது நாக்கு நுனிவரை வந்தது.

"உனக்குக் காய்ச்சலே வரலம்மா. நான் பொய் சொன்னேன். நீ எழுதினா பள்ளிக்கூட மார்க் குறைஞ்சிடும்னு பயந்துட்டேன்."

அவள் டீச்சரையே பார்த்தாள். ஸ்கேலைப் பைக்குள் வைத்தாள். வெளியே எடுத்தாள். மறுபடி வைத்தாள். வராந்தாவில் யாரோ பெஞ்சுகளை இழுத்துப் போட்டுப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓய்ந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றார் டீச்சர். "நான் சொன்னதை நம்பிட்டாங்க."

"நல்லவேளை," என்றாள் அவள்.

பையை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனாள். போகும்போது டீச்சரைப் பார்க்கவில்லை.