தட்டில் பதிந்த சத்தம்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவர் வண்ணார்பேட்டை செந்தூர்பாண்டி அண்ணாச்சி. கொடுத்தார் என்பதைவிடத் தலையில் கட்டினார் என்பதே சரி.

"எழுதும்வே. ஜாஸ் இசைத்தட்டுல நம்ம குரல் பதிஞ்சிருக்கு. இந்த ஜில்லாவுல வேற எவனுக்கு உண்டு?"

2

முதல் தொடக்கம்: 'பம்பாய் மழையில் ஒரு சாக்ஸபோன் அழுதுகொண்டிருந்த—'

(அடித்துவிட்டேன். அண்ணாச்சி காதில் சாக்ஸபோன் அழுததே இல்லை, ஊர்வம்பு பேசும்.)

நேராகவே சொல்கிறேன். இளவயதில் அவருக்குப் பம்பாயில் மோட்டார் பட்டறை வேலை. சம்பளம் வந்தால் பழைய இசைத்தட்டு, கச்சேரி வந்தால் கடைசி வரிசை. அப்படி ஒரு கச்சேரியில் சாக்ஸபோன்காரர் பைய இழைத்து இழைத்து வாசிக்க, அரங்கமே மூச்சடக்கிக் கிடந்தது. நம்மவருக்கு அடங்கவில்லை. ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் நையாண்டி மேளத்துக்குக் கொடுக்கிற சத்தத்தை அங்கேயும் கொடுத்துவிட்டார்.

"அப்படிப் போடுலே!"

எல்லாத் தலையும் திரும்பியது. வாசித்தவர் மட்டும் திரும்பவில்லை. அதே வரியை இன்னொரு தடவை, இன்னும் அழகாக வாசித்தார்.*

* இதைச் சொல்லும்போதெல்லாம் அண்ணாச்சிக்கு நெஞ்சு விரியும். எழுதும்போது எனக்கும் விரிந்தது.

3

அந்தக் கச்சேரி பிறகு தட்டாக வந்தது. அலமாரி நிறையத் தட்டு சேர்த்தவருக்கு அது மட்டும் சிக்கவில்லை. ஆனால் ஊரெல்லாம் சொல்லியாயிற்று. மனைவி முத்துராணி மட்டும் நம்பவில்லை.

"அவ்வளவு கூட்டத்துல இவுக சத்தம் கேக்குமாம். சொல்லுதாக பாருங்க!"

எனக்கும் சந்தேகம்தான். [குரல் இல்லையென்றால் அவர் மானம் என்னாவது? என் கதை என்னாவது?]

எங்கெங்கோ எழுதிக் கேட்டு, போன வாரம் அந்தத் தட்டு அண்ணாச்சிக்குத் தபாலில் வந்தது.

4

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். குரல் கேட்கிறது. கேட்கவில்லை. சரியாக அந்த இடத்தில் தட்டில் ஒரு கீற— (சீ, இது கோழைத்தனம்.)

நடந்தது வேறு. அண்ணாச்சி ஊசியை வைத்தார். முத்துராணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒலிபெருக்கியில் காதை வைத்தாள். அந்த மெதுவான வரி வந்தது. அண்ணாச்சி கண்ணை மூடினார். அந்த இடம் வந்ததும், தன்னை மறந்து, வீடு அதிரக் கத்தினார்.

"அப்படிப் போடுலே!"

தட்டில் அதே வரி இன்னொரு தடவை வந்தது.

"ஏட்டீ, கேட்டியா?"

"எனக்கா கேக்கல? தெருவுக்கே கேட்டுது" என்றாள் முத்துராணி. சிரிப்பு அவளுக்கு அடங்கவில்லை. பெருமையும்தான்.

"இன்னொரு தடவை போடுங்க அண்ணாச்சி, வாயைத் தெறக்காம" என்றேன்.

"எதுக்குவே?" என்று நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

5

தட்டு பாட்டுப்பெட்டிமேல்தான் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் ஊசியை வைத்துப் பார்க்கலாம். அந்த வரி வரும்போது நீங்கள் வாயை மூடிக்கொண்டிருப்பீர்கள் என்பதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை.