காலால் பிரித்த அசைகள்

அக்காவுக்கு பிரெஞ்சு நாக்கில் வரவில்லை, காலில்தான் வந்தது.

தையல் மெஷினின் மிதியை ஒரு தடவை அழுத்தினால் ஓர் அசை. நான் வினைச்சொற்களைத் துண்டு துண்டாக வாசிப்பேன். அவள் சட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டே திருப்பிச் சொல்வாள். 'பேசுவோம்' என்பதற்கு 'பார்', மிதி. 'லோன்', மிதி.

"இவ பாஷை படிக்கிறாளா, சைக்கிள் ஓட்டுறாளா?" என்பாள் அம்மா.

பிரெஞ்சுப் பேச்சுத் தேர்வில் தேறினால்தான் அக்காவும் பாப்பாவும் மாமா வேலை பார்க்கும் நாட்டுக்குப் போக முடியும். தன் மகள் பாப்பாவை மாமா இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறார்.

தேர்வு மடிக்கணினியில் நடந்தது. அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. யாராவது உதவுவதாகச் சந்தேகம் வந்தால் அங்கேயே ரத்து. அம்மா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். நான் கதவருகே நின்றேன். மழையில் உப்பிய கதவு, முழுசாகச் சாத்த முடியாது.

முதல் கேள்விகளுக்கு அக்கா நன்றாகவே பதில் சொன்னாள். ஒவ்வோர் அசைக்கும் அவள் குதிகால் தரையில் டக், டக் என்று விழுந்தது. திடீரென்று தேர்வாளரின் குரல் கறாரானது. உள்ளே வேறு யார் என்று கேட்கிறார். எனக்கே புரிந்தது.

"நோன், மதாம்! நோன்!"

அக்கா மடிக்கணினியைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டத் தொடங்கினாள். ஜன்னல், மெஷின், துணிக்கட்டு... அடுத்து கதவு. அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தேன். திரையின் வெளிச்சம் கதவிடுக்கில் வந்து நின்று, நகர்ந்தது. பிறகு அக்கா தன் பாதத்தைக் காட்டித் தட்டிக் காண்பித்தாள். அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு. ஆனால் தட்டக் கூடாதாம்.

அக்கா இரண்டு கால்களையும் நாற்காலிமேல் மடித்து வைத்துக்கொண்டாள்.

அடுத்த கேள்வி வந்தது. குடும்பமாக எப்போது வந்து சேருவீர்கள்? அதற்கான சொல்லை எத்தனையோ தடவை மிதித்திருக்கிறோம். அக்கா வாயைத் திறந்தாள். சத்தமே வரவில்லை.

"என்னடி, பேச்சையே காணோம்?" அம்மா சமையலறையிலிருந்து கிசுகிசுத்தாள்.

நான் கையை ஆட்டி அவளை அடக்கினேன். அந்தக் கை தானாகவே சுவருக்குப் போயிற்று. விரலால் ஒரு தட்டு போதும், அவளுக்கு வந்துவிடும். அதே ஒரு தட்டு எல்லாவற்றையும் கெடுக்கவும் போதும். கையை அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

கதவிடுக்கு வழியே பார்த்தேன், காலுக்குப் பதில் அக்காவின் தலை மெல்ல ஆடியது.

"நூ... ஸா... ரி... வெ... ரோன்."

'வந்து சேருவோம்' வந்துவிட்டது, அதன்பின் மற்ற சொற்களும் தள்ளாடித் தள்ளாடி வந்தன.

தேர்வு முடிந்து அவள் கதவைத் திறந்தபோது அம்மா ஓடி வந்தாள். "பாஸா?"

"சாயங்காலம் சொல்வாங்களாம்." என்னைப் பார்த்தாள். "நீ எங்க தட்டித் தொலைச்சிடுவியோன்னுதான்டி எனக்கு உயிரே போச்சு."

அக்குளிலிருந்து கையை எடுத்தேன். மரத்துப் போயிருந்தது. அக்கா மெஷினில் போய் உட்கார்ந்தாள், துணி வைக்காமலே மிதிக்க ஆரம்பித்தாள்.