வேறொருத்தியின் சீசா

நகரியில் விசைத்தறி ஓட்டும் தாமோதரனின் மனைவி யசோதா முதன்முதலாக உண்டாகியிருந்தாள். எழுபத்தெட்டாம் வருஷம். ஐந்தாம் மாதம் திருப்பதியில் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனபோது, நர்ஸ் தபீதாள் அவளுடைய சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் கொதிக்கவைத்தாள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

"ஏம்மா, உனக்குச் சக்கரை கீது. அடுத்த வாரம் வெறும் வயித்தோட வந்து ரத்தம் குடு" என்றாள் தபீதாள், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

யசோதாவுக்குக் கூசிப்போயிற்று. அந்த வியாதியில்தான் அவளுடைய நைனா காலை இழந்தார். பெண் பார்க்க வந்தவர்களிடம், வண்டி மோதிப் போன கால் என்று சொல்லியிருந்தார்கள். நல்லவேளை, மாமியார் கிருஷ்ணம்மா வெளியே மரத்தடியில் இருந்தாள்.

"இன்னா சொன்னாங்க?"

"எல்லாம் நல்லா கீதாம், அத்தை."

ரத்தம் கொடுக்க யசோதா போகவில்லை. அடுத்த மாதம் பக்கத்து வீட்டுச் செல்வியிடம் ஒரு சீசாவை நீட்டினாள். "அங்க போனா எனக்கு வரவே மாட்டேங்குது. நீ குடேன்" என்றாள். செல்வி சிரித்துக்கொண்டே நிரப்பிக் கொடுத்தாள். அன்று நீலம் நீலமாகவே இருந்தது.

"வாயக் கட்டிட்டியா? சமத்து!" என்று தபீதாள் முதுகில் தட்டினாள். அந்தத் தட்டல் அடிபோல விழுந்தது. ஆனாலும் அதற்கடுத்த இரண்டு மாதமும் செல்வியின் சீசாதான் போயிற்று. யசோதா தாகம் அடங்காமல் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். வளைகாப்புக்கு வந்த இனிப்பையெல்லாம் யாரும் சந்தேகப்படக் கூடாதென்றே தின்றாள்.

பிரசவத்தில் தலை வந்தது, தோள் வரவில்லை. டாக்டரம்மாவும் தபீதாளும் வியர்க்க விறுவிறுக்கப் போராடி எடுத்தார்கள். ஆண் பிள்ளை, நாலே முக்கால் கிலோ. இடது கை துணிபோலத் தொங்கியது. ஒரு மணி நேரத்தில் பிள்ளைக்கு உடம்பு வெடவெடவென நடுங்கியது, கண் செருகியது. தொப்புள் கொடி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் நடுக்கம் நின்றது.

"அம்மாவோட சக்கரையில வளர்ந்த பிள்ளை இது. கொடி அறுந்ததும் சக்கரை விழுந்துபோச்சு" என்று சொன்ன டாக்டரம்மா, சீட்டை எடுத்துத் தபீதாளிடம் ஆட்டினார். "மூணு மாசமா சக்கரை இல்லேன்னு எழுதியிருக்கியே, டெஸ்ட் பண்ணியா, சும்மா எழுதினியா?"

"பண்ணேன் மேடம்."

"பொய் சொல்லாதே!"

தபீதாள் தலை குனிந்து நின்றாள். இருபது வருஷமாக அந்த வார்டில் வேலை பார்ப்பவள். யசோதா கண்ணை மூடித் தூங்குவதுபோலக் கிடந்தாள்.

அன்று மாலை அதே தபீதாள்தான் அவளுக்கு வெந்நீர் வைத்துத் துடைத்துவிட்டாள். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. யசோதாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

மறுநாள் டாக்டரம்மா வந்ததும், கட்டிலருகே புருஷன் நிற்கும்போதே சொன்னாள். "மூணு மாசமும் டெஸ்டுக்குக் குடுத்தது என்னுது இல்லீங்க. பக்கத்து வீட்டுப் பொண்ணோடது. சிஸ்டர் மேல தப்பில்ல."

தாமோதரன் மெல்லக் கேட்டான். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, யசோதா?"

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

தபீதாள் வெகுநேரம் கழித்து வந்தாள். "என் கண்ணப் பாத்துக்கினு மூணு தரம் குடுத்தியேம்மா" என்றாள். பிறகு பிள்ளையின் கையைத் தூக்கி, மடக்கி, நீட்டிக் காட்டினாள். "தினம் இப்படிச் செய். விட்டுடாதே."

யசோதா விடவில்லை. வருஷம் திரும்புவதற்குள் கைக்கு உயிர் வந்தது, ஆனால் தோளுக்கு மேலே ஏறவில்லை. உறவுக்காரி ஒருத்தி வந்து கேட்டபோது கிருஷ்ணம்மா முந்திக்கொண்டாள்: "ஆஸ்பத்திரியில இழுத்துட்டாங்க."

"இல்ல அத்தை" என்றாள் யசோதா. "எனக்குச் சக்கரை இருந்துது. நான் மறைச்சேன்." உடம்பெல்லாம் குறுகிப்போயிற்று. இருந்தும், வந்தவளுக்கு முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள்.