ஏலாதென்று சொல்லும் பலகை

கட்டட வேலைக்காரரிடம் ஒரு வேலை எப்போது முடியும் என்று கேட்டுப் பாருங்கள். "ஓம், முடிப்பம்" என்பார்கள். முடியுமோ முடியாதோ, ஆமாம் என்கிற அந்த ஓம்தான். முகத்துக்கு நேரே ஏலாது, முடியாது என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. அந்த ஓமை நம்பிக் கம்பி வந்து மழையில் துருப்பிடிக்கும். ஓடு வந்து கிடந்து உடையும். வயறிங் செய்ய வந்தவர் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பிப் போவார். சுலோஜனாவுக்கு இந்த ஓமைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

கட்டாரில் கட்டடங்களை முதலில் கணினியில் முழுதாகக் கட்டிப் பார்க்கும் வேலை செய்துவிட்டு வந்த எஞ்சினியர் அவள். கொந்தராத்துக்காரர் சுதாகரன் ஒரேயொரு கட்டடத்தை அவளிடம் விட்டார். கல்லடியில் வாவியோரமாக ஒரு சின்னப் பிரசவ விடுதி. இது சரிவந்தால் ஏறாவூரில் வரப்போகிற பெரிய கட்டடமும் அவளுடைய முறையில் நடக்கும். சரிவராவிட்டால் அவள் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். இதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலைத்தலத்துக் கொட்டிலில் அவள் ஒரு பலகையை மாட்டினாள். அடுத்த கிழமை ஏழு நாளுக்குள் எதை முடிப்போம் என்பதை ஒவ்வொரு வேலைக்கும் பொறுப்பானவர் தானே எழுதி ஒட்ட வேண்டும். நிச்சயமாக ஏலுமென்றால் பச்சைச் சீட்டு, ஏலாதென்றால் சிவப்பு. சிவப்பு ஒட்டியவரை யாரும் ஏசக்கூடாது, என்ன குறை என்றுதான் கேட்க வேண்டும்.

முதல் கிழமைகளில் பலகை பச்சைப்பசேல் என்றிருந்தது. பாதி பொய். பிறகு ஒருநாள் கொங்கிறீட் வேலைக்குப் பொறுப்பான சரீப் நானா எழும்பினார். களவெடுத்துப் பிடிபட்டவர் மாதிரி நின்று, "மிஸ், இந்தக் கிழமை என்னால ஏலாது. கம்பி இன்னும் வரல்ல" என்று சிவப்பை ஒட்டினார். சுலோஜனா கைதட்டினாள்.

சுதாகரனுக்கு விசர் பிடித்தது. "ஏலாதெண்டு சொல்லவா நான் சம்பளம் குடுக்கிறன்?"

ஆனால் அதற்குப் பிறகு கம்பி தேவைப்பட்ட நாளில் வந்தது. சும்மா குந்தியிருந்தவர்கள் குறைந்தார்கள், முற்றத்தில் சாமான் குவிவதும் நின்றது. சுதாகரன் தன் ஏச்சை நிறுத்தினார்.

கீழ்த்தளத்துக்குக் கொங்கிறீட் ஊற்ற வேண்டிய சனிக்கிழமை. பலகையில் ஒரு சிவப்புக்கூட இல்லை, இந்த முறை எல்லாமே உண்மையான பச்சை. நடுவில் சுலோஜனாவின் சீட்டும் இருந்தது. "மட்டம் சரி" என்று அதில் அவளே எழுதியிருந்தாள். சந்தோசத்தில் சுதாகரன் எல்லோருக்கும் பொரித்த றோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார்.

காலையில் தூறல். ஸ்கூட்டியை வாசலில் நிறுத்தியவள் ரோட்டிலிருந்து ஒரு கோடாகத் தண்ணீர் வளவுக்குள் ஓடி வருவதைப் பார்த்தாள். கணினியில் அவள் கட்டிய மொடலில் தண்ணீர் வளவிலிருந்து ரோட்டுக்கு ஓட வேண்டும். அதில் தளம் ரோட்டைவிட நல்ல உயரத்தில், சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்வுப் பாதையோடு இருந்தது. இங்கே தளத்தின் உயரத்தைக் காட்டப் பலகை அடித்துக் கட்டியிருந்த நூல் ரோட்டுக்குச் சரிசமனாக நின்றது. அவள் குந்தியிருந்து பார்த்தாள்.

நிலத்தை அளந்து மொடலில் ஏற்றிய பிறகுதான் அந்த ரோட்டுக்குக் கிரவல் மண் கொட்டி, உருட்டி, தார்க் காபட் போட்டார்கள். ரோட்டு எழும்பிவிட்டது. மொடலில் பழைய ரோட்டே கிடந்தது. மட்டம் பார்த்தபோதெல்லாம் வளவு மூலையில் அளவுக்கென்று நட்ட கல்லிலிருந்துதான் பார்த்தாள், கணக்குச் சரியாகவே வந்தது. வாசலில் ஸ்கூட்டி இப்போது குலுங்குவதில்லை என்று தினமும் சந்தோசப்பட்டவளும் அவளேதான். தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

பேசாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியாது. மார்கழி வெள்ளம் வரும்வரை தெரியாது. ஏறாவூர் வேலையும் கிடைத்துவிடும்.

அவள் கொட்டிலுக்குள் போனாள். தன் பச்சைச் சீட்டைக் கிழித்தெடுத்து, அந்த இடத்தில் சிவப்பை ஒட்டினாள்.

"என்ன விளையாட்டு இது?" சுதாகரனின் கையில் பாதி றோல்ஸ் இருந்தது.

"இண்டைக்கு ஊத்த ஏலாது சேர். ரோட்டு உயர்ந்ததை நான் மொடல்ல மாத்தல்ல. இந்த மட்டத்தில போட்டா, வெள்ளம் பிள்ளை பெத்தவங்கட கட்டிலுக்குக் கீழ வந்து நிக்கும். பிழை என்டதான்."

"லொறி வரப்போற நேரத்திலயா சொல்றாய்? தண்ணிக்கு ஒரு அணை கட்டுவம், விடு!"

"ஏலாது சேர்."

அவர் அவளை விட்டுவிட்டுச் சரீப் நானாவிடம் திரும்பினார். "நானா, நீங்க ஊத்துங்க. ஏலும்தானே?"

சரீப் நானா அவரோடு நெடுங்காலமாக வேலை செய்கிறவர். மருமகனும் இதே கொந்தராத்தில்தான். சுதாகரன் கேட்டு அவர் இல்லையென்று சொன்னதை யாரும் கண்டதில்லை. நானா வெளியே போய் நூலையும் ரோட்டையும் பார்த்தார். திரும்பி வந்து தன் சீட்டைக் கழற்றினார்.

"ஏலாது சேர். தளத்துப் பலகையை உயர்த்தி அடிச்சாத்தான் ஊத்துவன்."

சுலோஜனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

அப்போது சுதாகரனின் போன் அடித்தது. கொங்கிறீட் கலக்கும் இடத்திலிருந்து. லொறியை நிரப்பட்டுமா என்று கேட்டார்கள்.

"ஓம்..." என்று பழக்கத்தில் தொடங்கியவர் நிறுத்தினார். வாசலில் தண்ணீர் இன்னும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே நின்றார். அந்தப் பக்கத்தில் ஹலோ, ஹலோ என்று கூப்பிடுவது கொட்டில் முழுக்கக் கேட்டது.

"இல்ல தம்பி. இண்டைக்கு... ஏலாது."

ஏறாவூரைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மட்டம் பார்க்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு அவள் ரோட்டுக்கு நடந்தாள். அளவுகோலை யார் பிடிப்பதென்று திரும்பிப் பார்த்தபோது, சுதாகரன் றோல்ஸ் எண்ணெயைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு அந்தக் கோலைக் கையில் எடுத்திருந்தார்.

"நான் பிடிக்கிறன். நீ பாத்துச் சொல்லு," என்றார்.