மூன்று முறை வாசித்த பெயர்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவன் நான். அதனால்தானோ என்னவோ, ஆரம்பத்துக்கே மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

"பனி மூடிய ஹட்டன் நகரில் அன்று..." (வேண்டாம். ஹட்டனைப் பற்றி எழுத உட்காரும் எல்லாருக்கும் பனிதான் கிடைக்கிறது.)

நேராகவே சொல்கிறேன். 1962இல் ஹட்டனில் குடும்பப் பட விழா நடந்தது. ஏழு நாள், ஏழு படங்கள். சிறந்த படத்தைப் பார்க்க வந்த சனமே தேர்ந்தெடுக்கும். அந்தப் படத்தைப் பற்றி நன்றாகச் சொன்னவர் மேடையேறி வெள்ளிக் கோப்பையைக் கொடுக்கலாம். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல, அவர்கள் கருத்தையும் பெயரையும் வாசலில் மேசை போட்டுச் சீட்டில் எழுதியவன் இக்னேசியஸ் மாஸ்டர். அது நான்.

2

பூரணி வந்தாள். (இங்கே வர்ணனை இருந்தது. கண்களுக்கே முக்கால் பக்கம் போயிற்று. வெட்கப்பட்டு அடித்துவிட்டேன்.) தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பிறகு நான் ஹட்டனுக்குப் படிக்க வந்தேன், அவள் கொழுந்து பறிக்கப் போனாள்.

"படத்துல அந்தம்மா அழுதுகிட்டே அடுப்புல வெறகத் தள்ளிவிடுறாங்க பாருங்க, அதான் சார் நெசமான அழுகை. ஒக்காந்து அழ எங்களுக்கு எங்க நேரம்?"

என்னை "சார்" என்றாள். வலித்தது.

"பேரு ராக்காயின்னே எழுதுங்க" என்றாள், குரலைத் தாழ்த்தி.

ராக்காயி அவளுடைய அக்கா. செத்துப்போனவள். தோட்டத்து ஆள்கணக்குப் புத்தகமான செக்ரோலில் அந்தப் பெயர் வெட்டுப்படுவதற்குள் தங்கையை அதே பெயரில் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு வருடமாகக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ராக்காயி என்று கூப்பிட்டால் இவள்தான் குரல் கொடுக்கிறாள். வெளியே தெரிந்தால் வேலையும் போகும், குடியிருக்கும் லயத்துக் காம்பிராவும் போகும்.

எல்லாம் தெரிந்துதான் பூரணி என்று எழுதினேன். ஒலிபெருக்கியில் அந்தப் பெயரை ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும் என்று ஆசை. வேறு எந்தக் காரணமும் இல்லை.

3

ஞாயிறு பிற்பகல், கோப்பை கொடுக்க வேண்டியவரின் பெயரை மேடையில் வாசித்தார்கள்: "பூரணி!"

பாதி எழுந்தாள். முன்வரிசையில் அவள் தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கு இருந்தார், தினமும் பெரட்டு எடுப்பவர். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். மூன்றாம் முறையும் கூப்பிட்டார்கள். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர், யாருங்க இந்தப் பூரணி?" என்று மேடையிலிருந்து என்னைக் கேட்டார்கள்.

"அப்படி ஒருத்தி இல்லீங்க. நானே எழுதிப் போட்டேன்."

மண்டபமே சிரித்தது. கோப்பையை வேறு யாரோ கொடுத்தார்கள்.

4

முடிவு ஒன்று: அவள் தலைநிமிர்ந்து மேடையேறுகிறாள், கைதட்டலில்... (அப்படியானால் மறுநாள் பெரட்டையும் எழுத வேண்டும். என்னால் ஆகாது.)

முடிவு இரண்டு: நான் அவளைக் கல்யாணம்... (பேராசை.)

[குறிப்பு: அவள் இன்னும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறாள். ஆகவே பூரணி, ராக்காயி இரண்டுமே நான் வைத்த பெயர்கள். உண்மைப் பெயரை எழுதக் கை பரபரக்கிறது. இந்தத் தடவை எழுதமாட்டேன்.]

நடந்தது இதுதான். மஸ்கெலியா பஸ்ஸுக்கு நின்றவளிடம் போய், "கோவமா?" என்றேன்.

"அப்படி ஒருத்தி இல்லன்னுட்டீங்களே சார். அப்புறம் யாருகிட்ட கேக்குறீங்க?"

பஸ் வந்துவிட்டது. அவள் ஏறப்போகிறாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது? எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் கூப்பிடுங்கள்.