வயிற்றுக்கு ஒரு டாக்டர்

ஆஸ்பத்திரிச் சக்கர நாற்காலியின் முன்சக்கரம் சுற்றுவேனா என்று அடம்பிடித்தது. அக்காவை அதில் வைத்து லிஃப்டுக்குள் தள்ளுவதற்குள் தம்பிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. எவ்வளவு பெரிய பஸ்ஸையும் சந்தில் திருப்பிவிடுகிறவனை இந்த நாற்காலி பாடாய்ப் படுத்தியது.

சற்று முன் கீழே பொது மருத்துவ டாக்டர் முதலில் அக்கறையாகத்தான் விசாரித்தார். "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறாங்களா?" என்றதும், பொய் சொல்லத் தெரியாத மடையன், பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினான். அக்கா பல வருஷமாகத் தவறாமல் விழுங்கும் மாத்திரை. அதற்கு முன்பு அவள் காதில் யார் யாரோ பேசுவார்கள். இப்போது ஒருவரும் பேசுவதில்லை. அவள் பாட்டுக்குப் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருக்கிறாள்.

டாக்டர் பேனாவை மூடினார். "இது மனசு சம்பந்தப்பட்டது. மூணாவது மாடிக்குப் போங்க."

"வலி வயித்துல சார். கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன்."

"இவங்களுக்கு எங்க வேணா வலிக்கும். எல்லாம் கற்பனை."

அக்கா நிமிர்ந்தாள். "கற்பனை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் டாக்டர். இது அது இல்ல."

"பாத்தீங்களா, பேச்சே ஒரு மாதிரி இருக்கு" என்றார் அவர், தம்பியிடம்.

மூன்றாவது மாடியில் இருந்த மனநல டாக்டரம்மா அக்காவைப் படுக்க வைத்து வயிற்றை அழுத்தினார். அக்கா வீறிட்டாள்.

"பலகை மாதிரி இருக்கு. உள்ள ஏதோ வெடிச்சிருக்கு. உடனே ஆபரேஷன் பண்ணணும்." ஆனால் ஆபரேஷன் டாக்டர் வர, கீழே இருப்பவர்தான் எழுத வேண்டுமாம். போனைப் போட்டார்.

"உங்க பேஷன்ட்டை எங்க தலையில கட்டாதீங்க மேடம்." அந்தக் குரல் தம்பிக்கே கேட்டது.

"என் பேஷன்ட்டுக்கும் குடல் இருக்கு சார்!" என்று டாக்டரம்மா கத்தினார்.

மறுபடி லிஃப்ட். மறுபடி அதே கதவு. "வரிசைல உக்காருங்க, கூப்பிடுறேன்" என்றார் கீழ் டாக்டர், உள்ளே இருந்தபடியே. தம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்களுக்கு எந்த மொழியில் சொன்னால் புரியும்? கதவை ஓங்கித் தட்டி, வாய்க்கு வந்தபடி ஏசினான்.

அக்கா அவன் சட்டையை இழுத்தாள். "கத்தாதடா. அப்புறம் உன்னையும் மாடிக்கு அனுப்பிடுவாங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் தலை அவன் தோளில் சாய்ந்தது. அசதி என்று நினைத்தான். கை சில்லிட்டிருப்பதைத் தொட்ட பிறகுதான் அலறினான்.

டாக்டர் ஓடி வந்தார். மேஜையில் கிடத்தி, துணியை விலக்கி, வயிற்றை அழுத்தினார். அக்கா கத்தவில்லை. ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தார், நகர்த்தினார், மறுபடி வைத்தார். கதவை மூடச் சொல்லிவிட்டு, வெகுநேரம் நிதானமாகக் கேட்டார்.

அவர் காதிலிருந்து அதைக் கழற்றும் வரை தம்பி பொறுத்திருந்தான். பிறகு துணியை இழுத்து, அக்காவின் வயிற்றை மூடினான்.